பசை போகாத பிரஷ்

சேசு மரி சூசை துணை
காரைக்கால்
14-7-2024

அன்புள்ள சில்வியா அக்காவுக்கு,

நம் கடைக்குட்டி ரீட்டாவின் பிரஷ்ஷில் இன்னும் பசை போகவில்லை. நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நேற்று அவளுடைய பையைத் துவைக்கலாம் என்று கவிழ்த்தபோது முதலில் கையில் பட்டது அதுதான். கடையில் விற்கும்போது முடி கலையாமல் இருக்கப் பசை வைத்து ஒட்டியிருப்பார்களே, தண்ணீரில் நனைத்தால்தான் பிரியும், அந்தப் பசை அப்படியே இருக்கிறது. முனை முள் மாதிரி குத்தியது. நீ மே மாதம் விடுமுறைக்கு வந்தபோது அவளை உமா டீச்சரின் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டு வாங்கிக் கொடுத்தாயே, அதே பிரஷ். ஜூன் தொடக்கத்திலிருந்து அவள் வகுப்புக்குப் போகிறாள்.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு பேக்கரி அடுப்புச் சூட்டில் இருமல் வந்து விட்டது. அம்மாவுக்கு கிளினிக்கில் இந்த மாதமும் மாலை டூட்டிதான். நான் வழக்கம்போல ரீட்டாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீல்சேரில் தள்ளிக்கொண்டு போய், வகுப்பு நடக்கும் கட்டடத்தின் மாடிப்படி அடியில் விட்டுவிட்டு தௌஃபீக் பாயின் ஃபிளெக்ஸ் அச்சுக் கடைக்கு ஓடுகிறேன். மாங்கனித் திருவிழா ஃபிளெக்ஸ் வேலை முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறோம். வகுப்பு முடிந்து நான் போகும்போது ரீட்டா படியடியில் தயாராக இருப்பாள். மேலேயிருந்து தூக்கி வந்து உட்கார வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தூக்கிக்கொண்டு போவோம் என்றுதானே டீச்சர் உன்னிடம் சொன்னார்?

உன் உடம்பு எப்படி இருக்கிறது? திண்டுக்கல் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

உன் தங்கை,
சலோமி


நவகன்னியர் இல்லம்
திண்டுக்கல்
2-8-2024

இயேசுவில் அன்பான சலோமிக்கு,

ஆண்டவரின் சமாதானம் நம் வீட்டில் தங்குவதாக. நான் சுகமாக இருக்கிறேன். தண்ணீர் பழகிவிட்டது. மடத்து விதிப்படி நாங்கள் மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம். வருகிற கடிதங்களை எங்கள் பயிற்சித் தாயார் முதலில் படித்துவிட்டுத் தருவார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

பிரஷ்ஷை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதே. அங்கேயே டீச்சர் வேறு பிரஷ் கொடுத்திருக்கலாம். எனக்குச் சிறுவயதில் ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தவர் உமா டீச்சர். ரீட்டாவையும் கட்டணம் இல்லாமல்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறார். வேறு எந்த மாலை வகுப்பும் அவளைச் சேர்க்கவே இல்லை என்பதை மறக்காதே. பாட்டு வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். ரீட்டாவையே பக்குவமாகக் கேட்டுப் பார்.

அப்பாவுக்குத் துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு. உனக்காகச் செபிக்கிறேன்.

சில்வியா


காரைக்கால்
27-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் நேற்றிலிருந்து நம் தெருவைத் தாண்டிப் போகிறது. ரீட்டா வாசலில் உட்கார்ந்து அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏன் கால்களை என்று இப்போது எனக்குத் தெரியும்.

போன வாரம் கடையில் கரண்ட் போய்விட்டது. தௌஃபீக் பாய் சீக்கிரமே அனுப்பிவிட்டார். நான் நேராக வகுப்புக்குப் போனேன். மேலே பிள்ளைகள் சத்தம் கேட்டது. ரீட்டா கீழே, மாடிப்படிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். மடியில் அட்டை. அட்டையில் வெறும் தாள். கையில் ஒரு குச்சி. பிள்ளைகள் உதறிவிட்டுப் போன செருப்புகளை அந்தக் குச்சியால் இழுத்து இழுத்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் தாமதமாக ஓடி வந்தான். அவளைப் பார்க்காமலே, “பாத்துக்க” என்று சொல்லிச் செருப்பை விசிறிவிட்டு மேலே ஏறினான்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் இதுவரைக்கும் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டேன்.

“ஜோடி சேக்க” என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். சேர்ந்த நாளிலிருந்தே அவள் அங்கேதான் இருக்கிறாளாம். இந்த நீலச் செருப்பு அழுத்தி நடக்கும், அதனால் குதிகால் தேய்ந்திருக்கிறது. இந்த ஷூ பணக்கார வீடு, ஆனால் சாக்ஸில் ஓட்டை. ரிப்பன் வைத்த சிவப்புச் செருப்பு நௌஷினுடையது, அந்தக் காது கேட்காத பெண், அந்தச் செருப்பு இப்போதெல்லாம் வருவதில்லை. டீச்சர் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் நௌஷினுக்கு உதடு தெரிவதில்லையாம். அதனால் அவள் அம்மா ஹஃபீஸா அக்கா நிறுத்திவிட்டார்களாம். இதெல்லாம் செருப்பு மாட்டும்போது பிள்ளைகள் பேசியதை வைத்து இவள் தெரிந்துகொண்டது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்து, “அழாதக்கா. இங்கேர்ந்து பாத்தா எல்லாருக்கும் காலு இருக்கு, மூஞ்சிதான் இல்ல” என்று சிரித்தாள்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே, “தானம் குடுத்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்காதடி. ரெண்டு மணி நேரம் பத்திரமா ஒரு எடத்துல இருக்காளா, அது போதும்” என்றார். அம்மா அப்படிச் சொன்னதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு மணி நேரம் நானும் அம்மாவும் வேலையில் இருக்கிறோம். அப்பா இரவு வேலைக்குப் போகத் தூங்குகிறார். ஆனால் உமா டீச்சரை நான் விடப்போவதில்லை. இதை உங்கள் பயிற்சித் தாயாரும் படிக்கட்டும்.

சலோமி


திண்டுக்கல்
10-9-2024

இயேசுவில் அன்பான சலோமிக்கு,

சமாதானம் உன்னோடு இருப்பதாக. அன்னை மரியாவின் பிறந்தநாள் இங்கே நன்றாக நடந்தது. நீங்கள் கோயிலுக்குப் போனீர்களா? ரீட்டாவுக்குப் புதுப் பாவாடை தைத்தீர்களா?

நீ எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். பழி வாங்குவது நம் வேலை இல்லை. எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்க ஆண்டவர் சொல்லியிருக்கிறார். முதலில் டீச்சரிடம் போய் நேரில் பேசு. பயப்படாதே. அவர் நல்லவர். ஒருவேளை பள்ளிக்கூடத்துப் பையன்கள் யாராவது தூக்குவதாகச் சொல்லி, பிறகு வராமல் இருந்திருக்கலாம்.

அதிகம் எழுத நேரமில்லை.

சில்வியா


காரைக்கால்
6-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி டீச்சரிடம் போய்ப் பேசினேன். பேசினேன் என்று சொல்வது தப்பு. போய் நின்றேன்.

மாடியில் அந்த ஹால் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். நீ அங்கேதான் வருடக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தாய். டீச்சர் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “வாம்மா சலோமி. அக்கா நல்லாருக்காளா? என்னா கை அவளுக்கு. இப்படி ஒரு கைய மடத்துக்குக் குடுத்துட்டீங்களே” என்றார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் மறந்துபோனது. ரீட்டா என்று மட்டும் சொன்னேன். அவரே மிச்சத்தைச் சொன்னார். கீழே காற்றோட்டமாக இருக்கிறதாம். மேலே பிள்ளைகள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். இவள் கை நடுங்கி வண்ணத்தைக் கொட்டிவிட்டால் மற்றவர்கள் படம் கெட்டுவிடுமாம். தூக்குவதற்கு ஆள் கிடைப்பதில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாம இதுக்குக் காசு ஒண்ணும் வாங்கலையேம்மா” என்றார்.

நான் “சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

இனிமேல்தான் கேள். மறுநாளே டீச்சரிடமிருந்து எங்கள் கடைக்கு ஒரு ஆர்டர் வந்தது. நன்கொடை தருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு ஃபிளெக்ஸ். ‘சிறப்புக் குழந்தைகளின் கைவண்ணம்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே ரீட்டாவின் போட்டோ. மாடி ஹாலில், ஜன்னல் ஓரத்தில், கையில் பிரஷ்ஷோடு. போட்டோவைத் திரையில் பெரிசாக்கிப் பார்த்தேன். பிரஷ் முனை ஊசியாக இருந்தது. ரீட்டாவைக் கேட்டேன். ஆமாம், ஒரே ஒரு நாள் இரண்டு பேர் அவளை மேலே தூக்கிக்கொண்டு போனார்களாம், போட்டோ எடுத்ததும் இறக்கிவிட்டார்களாம்.

போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு படம். ‘வரைந்தவர்: ரீட்டா, 11 வயது.’ முருங்கை மரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள். பின்னால் ரொட்டி வைக்கிற தகரப் பெட்டி. பெட்டி மூடியில் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது.

அப்பா தெருத்தெருவாக ரொட்டி விற்ற சைக்கிள் அது. ரீட்டா பிறப்பதற்கு முன்பே விற்றுவிட்டோம். முருங்கை மரமும் புயலில் போய்விட்டது. இரண்டையும் அவள் பார்த்ததே இல்லை.

இந்தப் படம் டீச்சருக்கு எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியுமா அக்கா?

அப்பா, அம்மா, ரீட்டா எல்லாரும் நலம். உன் நலத்துக்கு எழுதவும்.

சலோமி


காரைக்கால்
24-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

அக்டோபரில் ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. மழையில் தபால் எங்கேயாவது தங்கிவிட்டதா, அல்லது உனக்கு உடம்பு சரியில்லையா? அம்மா தினமும் கேட்கிறார். அரசலாற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. ரீட்டாவின் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி லீவு.

அந்த ஃபிளெக்ஸை நான்தான் அச்சடித்தேன். என் கையால் மடித்து, என் கையால் கயிறு கட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. இப்போது தெரியும்.

பிப்ரவரியில் டீச்சர் வகுப்பின் ஆண்டு விழா. கட்டட ஒப்பந்தக்காரர் ராஜ்மோகன் தலைமை விருந்தினர். வகுப்புக்குப் பெரிய நன்கொடை அவர்தான். அந்த ஃபிளெக்ஸும் எங்கள் கடைக்குத்தான் வரும். இந்த ஊரில் வாய் திறக்காத பெண் என்று என்னைச் சொல்வார்கள். ஆனால் இந்த ஊரில் தொங்குகிற எழுத்தில் பாதி என் விரல் வழியாகத்தான் போகிறது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம். ஒன்று கவனித்திருக்கிறேன். யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. யார் முகம் பெரிசு, யார் முகம் சிறுசு, அதைத்தான் பார்க்கிறார்கள். சண்டையும் அதற்குத்தான் வரும்.

என் திட்டம் இது. ரீட்டாவின் போட்டோவைப் பெரிசாகப் போடுவேன். அதற்குக் கீழே, ‘இந்தப் பெண் இங்கே ஒரு நாளும் வரைந்ததில்லை. இது அவள் வரைந்த படமும் இல்லை’ என்று போடுவேன். விழா அன்று அவளை எல்லார் முன்னாலும் கொண்டுபோய் வைத்து, கையில் பிரஷ்ஷைக் கொடுத்து, வரையச் சொல்வேன். டீச்சர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று ஊரே பார்க்கட்டும். அவர் முகம் எப்படிப் போகிறது என்று நான் பார்க்க வேண்டும். இரவில் அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

என்னோடு படித்தவர்கள் இப்போது பிளஸ் டூ. மாலையில் கடை வழியாக யூனிஃபார்மில் போகிறார்கள். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். அதெல்லாம் உனக்கு எதற்கு?

சலோமி


திண்டுக்கல்
15-12-2024

இயேசுவில் அன்பான சலோமிக்கு,

பாலன் பிறப்பின் சமாதானம் நம் வீட்டாருக்கு. உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல். குடில் கட்டினீர்களா? இந்த வருடமும் ரீட்டாதான் ஆடுகளை வைத்தாளா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். டீச்சர் ரீட்டாவை ஒரு நாள் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டோவுக்கு உட்கார வைத்தார். நீயும் அவளை ஒரு நாள் தூக்கிக்கொண்டு போய் ஊர் முன்னால் உட்கார வைக்கப் போகிறாய். அவள் கை நடுங்குவதை எல்லாரும் பார்ப்பார்கள். அவள் படம் வரையத் தெரியாமல் விழிப்பதைப் பார்ப்பார்கள். டீச்சர் தலை குனிவதற்கு முன் ரீட்டா குனிய வேண்டியிருக்கும். அவளைக் கேட்டாயா?

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். கிறிஸ்துமஸ் அன்று உங்களை நினைத்துக்கொள்வேன்.

சில்வியா


காரைக்கால்
5-1-2025

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். ஆடுகளை ரீட்டாதான் வைத்தாள். ஒரு ஆட்டை மட்டும் குடிலுக்கு வெளியே வைத்துவிட்டு, “அது செருப்பு பாத்துக்குது” என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

சைக்கிள் படத்தைப் பற்றி நான் கேட்டதற்கு நீ ஒரு வரி எழுதவில்லை. ஆடு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

நீ சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. கோபத்தில் உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். பிறகு ரீட்டாவைக் கேட்டேன். மேடையில் ஏற்றி வரையச் சொன்னால் வரைவாயா என்று.

“மேடைக்குப் படி இருக்குல்ல?” என்றாள்.

நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். டீச்சர் செய்ததை எல்லாருக்கும் காட்ட வேண்டாமா என்றேன். அவள் அப்புறம் சொன்னாள்:

“என்னைய ஏத்தாதக்கா. செருப்ப ஏத்து.”

எனக்குப் புரியவில்லை. அவளே தாளும் பென்சிலும் கேட்டாள். நான் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். அந்த பிரஷ்ஷை முக்கிப் பசை இளகும்வரை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்துக் கலர் டப்பாதான். தரையில் குப்புறப் படுத்து வரைந்தாள், அப்படிப் படுத்தால் முழங்கை ஊன்றிக்கொள்வதால் கை அவ்வளவாக நடுங்காது. அதை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமையாவது ஆகும் என்கிறாள். அவசரமில்லை என்றேன்.

நீ பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சரி.

சலோமி


திண்டுக்கல்
19-1-2025

சலோமி,

இந்த மாதம் எனக்கு ஒரு கடிதம்தான். அதை உண்மையாக எழுதுகிறேன்.

சைக்கிள் படம் நான் வரைந்தது. பத்தாவது படிக்கும்போது. டீச்சரிடமே இருந்தது. மே மாதம் ரீட்டாவைச் சேர்க்கப் போனபோது டீச்சர் கேட்டார். நன்கொடை கொடுப்பவர்கள் சிறப்புக் குழந்தை வரைந்த நல்ல படம் ஒன்றைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், ரீட்டா பழகிக்கொள்ள நாளாகும், அதுவரைக்கும் இதை அவள் பெயரில் வைத்துக்கொள்ளட்டுமா, அப்படியென்றால்தான் அவளுக்கு இடம் தர முடியும் என்றார். நான் சரி என்றேன். நான் அன்று திண்டுக்கல்லுக்குப் புறப்பட வேண்டும். ரீட்டாவை ஓர் இடத்தில் விட்டாயிற்று என்று மனசை ஆற்றிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

உன் முதல் கடிதத்தில் பிரஷ்ஷைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் உனக்கு மன்னிப்பைப் பற்றிப் போதித்தேன்.

பயிற்சித் தாயாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விழா ஃபிளெக்ஸில் அந்தப் படம் மறுபடியும் வந்தால், ரீட்டாவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு. ஊர் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

இன்னொன்று. நான் இங்கே வந்த வருடம்தான் நீ பள்ளிக்கூடத்தை நிறுத்தினாய். ஏன் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்ற பயம். இப்போதும் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தேன். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சில்வியா


காரைக்கால்
17-2-2025

அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அது இருக்கட்டும்.

விழா நேற்று நடந்தது. உன் பெயரை ஃபிளெக்ஸில் போடச் சொன்னாய். போடவில்லை. டீச்சர் அனுப்பிய சைக்கிள் படத்தையே எடுத்துவிட்டேன். ரீட்டாவின் போட்டோவையும் எடுத்துவிட்டேன். உன் பெயர் எங்கும் இல்லை.

அந்த இடத்தில் ரீட்டா வரைந்ததைப் போட்டேன். மாடிப்படியின் அடிப்பக்கம். கீழே செருப்புகள். நீலச் செருப்பின் தேய்ந்த குதிகால், ஓட்டை சாக்ஸ் திணித்த ஷூ, எல்லாம் இருந்தன. நௌஷினின் சிவப்புச் செருப்பை மட்டும் தனியாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். கை நடுங்கிப் போட்ட கோடுகள். அதனாலேயே செருப்புகள் இப்போதுதான் காலிலிருந்து உதறி விழுந்தவை மாதிரி இருந்தன. படத்தின் ஓரத்தில், படிகளில் ஏறிப் போகும் கால்கள். முழங்காலுக்கு மேல் ஒன்றும் இல்லை. ‘வகுப்பில் என் இடம். வரைந்தவர்: ரீட்டா’ என்று போடச் சொன்னாள். அந்த எழுத்தை நான் சின்னதாகவும் வைக்கவில்லை, ஒளிக்கவும் இல்லை.

அச்சடிக்கும் முன் சரிபார்க்கிற புரூஃபை டீச்சரின் போனுக்கு அனுப்பினேன். எல்லாருக்கும் அனுப்புவது போலத்தான். உடனே பதில் வந்தது. ராஜ்மோகன் சார் முகம் இன்னும் பெரிசாக வேண்டுமாம், இனிஷியலைச் சேர்க்க வேண்டுமாம். இரண்டையும் செய்து திருப்பி அனுப்பினேன். ஓகே என்று கட்டை விரல் வந்தது. தௌஃபீக் பாய் மட்டும் ஃபிளெக்ஸ் முழுவதையும் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓகே வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். “அப்ப அடி. ஓகே வந்துட்டா தப்பு நம்மளுது இல்ல” என்றார். அது எங்கள் கடைச் சட்டம்.

ஃபிளெக்ஸை நானே போய்ச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே கட்டினேன். மாடிக்குப் போகிற எவரும் அதற்கு முன்னால் குனிந்துதான் ஆக வேண்டும். ரீட்டா எப்போதும்போல அதன் பக்கத்தில் இருந்தாள்.

ராஜ்மோகன் வந்தார். லேஸ் கட்டிய ஷூ என்பதால் பெஞ்சில் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டியிருந்தது. முதலில் தன் முகத்தைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். ரீட்டாவைப் பார்த்து, “நீ மேல வரலியாம்மா?” என்றார்.

“மேல என் போட்டோ வருது சார். நான் கீழதான்” என்றாள் ரீட்டா.

அவர் சிரித்து அவள் தலையைத் தட்டிவிட்டு மேலே போய்விட்டார். அவ்வளவுதானா? இத்தனை மாதம் நான் வளர்த்த கோபம் ஒரு தலைத் தட்டலோடு போய்விட்டதே என்று நினைத்தேன். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் போகவில்லை. ஒருவன் செருப்பைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நின்று, “டேய் இது என் செருப்புடா” என்றான். உடனே ஒவ்வொருவரும் தங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். ஓட்டை சாக்ஸ்காரன் வெட்கத்தில் சிவந்துபோய், “ஏய், இத எப்படிப் பாத்த நீ?” என்று ரீட்டாவைக் கேட்டான். “பாத்துக்க பாத்துக்கன்னீங்க, பாத்தேன்” என்றாள். அவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் ஏறவில்லை. பெற்றோர்களும் அங்கேயே நின்று படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேலே மைக்கில் டீச்சர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கூப்பிடக் கூப்பிட ஹாலில் அந்தக் குரல் எதிரொலித்தது. காலியாக இருந்தால்தான் அப்படிக் கேட்கும். நான் அதை நன்றாக நின்று கேட்டேன் அக்கா. இனித்தது.

டீச்சர் இறங்கி வந்தார். பட்டுப்புடவை. படத்தை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். முகம் நான் நினைத்த மாதிரியே போனது. என் பக்கத்தில் வந்து மெதுவாக, “ஒன் அக்காவுக்கு நான் சும்மா சொல்லிக்குடுத்தேனே, அதுக்கு இதானா?” என்றார்.

எனக்கு வாய் வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. “அக்காவால மாடி ஏற முடிஞ்சுது டீச்சர்” என்றேன்.

அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற குரலில், சிரித்தபடி, “நம்ம ரீட்டா கண்ணுதான் இன்னிக்கு ஸ்பெஷல். வாங்க தம்பி, ரெண்டு பேரு புடிங்க. மேல தூக்கிட்டுப் போயி சாரோட ஒரு போட்டோ எடுத்துருவோம்” என்றார். இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். ரீட்டா என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்து வீல்சேரின் இரண்டு பக்கமும் பிரேக்கைப் போட்டேன்.

சலோமி